இடக்கைக்காரர் முதலில் அசைவதில்லை

ஹிரோசாகி
பிப்ரவரி 4, 1997

அன்புள்ள கோமாஜி அவர்களுக்கு,

நான் ஒழுங்கில்லாமல் எழுதத் தொடங்கினால் பாதியில் எதையாவது விட்டுவிடுவேன். ஆகவே சொல்ல வேண்டியவற்றை முதலில் எண்ணிட்டுக்கொள்கிறேன்.

1. என் அண்ணன் ரின்ஷோவின் படுக்கையருகே நீங்கள் இருப்பதற்கு நன்றி.
2. மருத்துவமனை என்னிடம் கேட்டிருக்கும் கேள்வியும் என் பதிலும்.
3. நான் ஏன் ஒசாகாவுக்கு வர இயலாது.
4. நான் மொழிபெயர்த்த பொம்மலாட்ட நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஒரு சந்தேகம்.

முதலாவது. புத்தாண்டு ஆட்டம் முடிந்து, ஒப்பனை அறையில் அண்ணன் விழுந்த நாளிலிருந்து அவரைத் துடைப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதும் நீங்கள்தான் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அண்ணி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் பொம்மையின் தலையைப் பிடித்தார், நீங்கள் அதே பொம்மையின் இடக்கையைப் பிடித்தீர்கள். அதைத் தவிர உங்களுக்கு இதைச் செய்யவேண்டிய கடமை எதுவும் இல்லை. நன்றி என்ற சொல் போதாது என்று தெரிகிறது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

இரண்டாவது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியவில்லை. இனி வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியாக ஊட்டினால் சில மாதங்களோ சில ஆண்டுகளோ இருக்கலாம், பேச்சு திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்கிறார் மருத்துவர். இரத்த உறவு நான் ஒருவன்தான் என்பதால் வேண்டுமா வேண்டாமா என்று மாத முடிவுக்குள் நான் எழுதித் தர வேண்டும். அண்ணனின் குரு படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவரைப் பார்த்துவிட்டு நானும் அண்ணனும் ஒரு கடையில் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அண்ணன் குழம்பைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "சோய்ச்சி, என்னை இப்படிக் கெடத்திடாதே" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அதனாலேயே அது நினைவிருக்கிறது. ஆகவே என் பதில்: வேண்டாம். எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். நாளை அஞ்சலில் சேர்ப்பேன்.

மூன்றாவது. இங்கே பனி ஜன்னல் விளிம்புக்கு வந்துவிட்டது. என் முழங்கால் உங்களுக்குத் தெரியும். குளிரில் நெடும்பயணம் இதயத்துக்கு ஆகாது என்று என் மருத்துவரும் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் எனக்கு எதுவும் விளங்குவதில்லை. ஆகவே கடிதம்.

நான்காவது. நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. வலை பின்னுகிறவனின் மனைவி ஒட்ஸூயு விளக்கடியில் தைத்துக்கொண்டிருக்கிறாள். மாமனார் வந்து, பிரபுவின் பிள்ளைக்குப் பதிலாக உன் பிள்ளையைக் கோட்டைக்கு அனுப்பு என்கிறார். அனுப்பினால் திரும்ப மாட்டான் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கதை பாடுகிறவர் வாயை மூடிக்கொள்கிறார். ஷாமிசெனின் தந்தி மட்டும் ஒலிக்கிறது. ஒட்ஸூயுவின் தலை ஒருமுறை அசைகிறது. அடுத்து பாடகர் பனியைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடுகிறார்.

மேடையைப் பார்க்கிறவருக்கு இது போதும். படிக்கிறவருக்குப் போதாது. 'அவள் என்ன செய்கிறாள்?' என்று பதிப்பாசிரியர் ஓரத்தில் கேட்டிருந்தார். 'தலையசைத்துச் சம்மதிக்கிறாள்' என்று எழுதி அனுப்பினேன். அண்ணன் அந்தக் காட்சியைச் செய்யும்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எழுதும்போது உறுதியாக இருந்தது. அனுப்பிய பிறகு இல்லை. நீங்கள் அவளுடைய இடப்பக்கத்திலேயே நின்றவர். அவள் சம்மதித்தாளா?

இந்த நேரத்தில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும்.

நிவா சோய்ச்சி

*

ஒசாகா
பிப்ரவரி 9

வாத்தியாரய்யாவுக்கு,

கோமாஜி எழுதறேன். நீங்க நம்பர் போட்டிருந்ததைப் பாத்து நானும் ஒண்ணுன்னு போட்டேன். அதோட பேனா நின்னுபோச்சு. அதனால வர்றபடி எழுதறேன்.

மொதல்ல உங்க நாலாவது. அவ சம்மதிக்கல. அந்தத் தலையசைப்பு மாமனாருக்கே இல்ல, எனக்கு. ஒரு பொம்மைக்கு நாங்க மூணு பேர். தலையும் வலக்கையும் ஆசானோடது, இடக்கை என்னோடது, கீழ காலுக்கு ஒருத்தன். ஆயிரம் பேர் பாத்துக்கிட்டிருக்கறப்போ "கோமாஜி, துணியை எடு"ன்னு ஆசான் வாயால சொல்ல முடியுமா? தலை இம்மி அசையும். அதுதான் உத்தரவு. நான் துணியை எடுப்பேன், அவ மேல தைப்பா. மாமனாருக்கு அவ பதிலே சொல்லல. முன்னால உக்காந்திருக்கறவங்களுக்கு அது சம்மதமாத்தான் தெரியும். மூக்கைச் சிந்தற சத்தம் மேடை வரைக்கும் வரும். நாங்க திருத்தறதில்ல. காசு குடுத்து வந்தவங்க அழுதுட்டுப் போகட்டுமே.

நீங்க இத்தனை வருஷம் முன்வரிசையில உக்காந்தது தப்புங்க. ஓரமா உக்காந்திருக்கணும்.

இப்ப ரெண்டாவது. அந்தப் பேப்பரை அனுப்பாதீங்க.

ஆசானுக்கு இடது கை உசுரோட இருக்கு. அது எந்தக் கைன்னு நான் சொல்லணுமா? அம்பது வருஷமா பொம்மை முதுகுக்குள்ள போய் தலைக்கட்டையைப் பிடிச்ச கை. வெரல் மடங்கி வெறைச்சுடக் கூடாதுன்னு நர்சம்மா அதுல ஒரு துண்டைச் சுருட்டி வைப்பாங்க. பீன்ஸ் எறிஞ்சு, வயசுக்கு ஒண்ணா எண்ணித் திங்கற பண்டிகை அன்னிக்கு வார்டுக்கு எல்லாம் பீன்ஸ் பொட்டலம் குடுத்தாங்க. முழுங்க முடியாதவருக்கு எதுக்குன்னு நானே தின்னுட்டு, "ஆசானே, உங்க வயசுக்கு எண்ணித் தின்னா எனக்கு வயிறு வெடிச்சுடும்"னேன். துண்டைப் பிடிச்ச கட்டைவெரல் இழுத்துச்சு. பொம்மை தலையாட்ட, தலைக்கட்டையில ஒரு கொக்கி இருக்கு, கட்டைவெரலால அதை இழுக்கணும். அதே இழுப்பு. இன்னொரு தரம் சொன்னேன், இன்னொரு தரம் இழுத்துச்சு.

டாக்டர்கிட்ட சொன்னேன். நரம்புத் துடிப்புன்னார். நல்ல மனுஷன்தான், ஆனா பொம்மலாட்டம் பாத்ததில்லயாம்.

அவருக்குக் காது கேக்குதுங்க. பதிலும் சொல்றார். அவர்கிட்ட கேக்காம நீங்க வேண்டாம்னு எழுதறது நியாயமா?

உங்க மூணாவதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

கோமாஜி

*

ஹிரோசாகி
பிப்ரவரி 14

அன்புள்ள கோமாஜி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் அந்தத் தாள் போய்விட்டது. வேறொரு கடிதம் எழுதி, மாத முடிவு வரை என் பதிலை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்டிருக்கிறேன். ஆகவே இப்போது நான் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், அதைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ.

கட்டைவிரலைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் நேர்மையாக இராது. அந்த விரலை நீங்கள் மேடையில் ஒருநாளும் பார்த்ததில்லை. அது பொம்மையின் உடைக்குள் இருந்தது. நீங்கள் பார்த்தது கழுத்தை. அப்படியிருக்க, விரலைப் பார்த்து அது தலையாட்டல்தான் என்று எப்படி உறுதி சொல்கிறீர்கள்? ஐம்பது வருடம் ஒரே வேலை செய்த கை, கையில் எதைக் கொடுத்தாலும் அந்த வேலையைத்தானே செய்யும்?

இன்னொன்று. தலையசைப்பு சம்மதம் அல்ல என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். ஒட்ஸூயு தலையசைத்தாள், நான் அதைச் சம்மதம் என்று எழுதினேன், தவறு என்றீர்கள். இப்போது என் அண்ணனின் விரல் அசைகிறது, நீங்கள் அதைப் பதில் என்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புவதால்தான் அதை நம்பப் பயமாக இருக்கிறது. அவர் வாழ விரும்பி நான் வேண்டாம் என்று எழுதியிருந்தால் அது என்ன? அவர் போக விரும்பி, ஒரு விரலைக் காட்டி அவரைக் கிடத்தி வைத்தால் அதுவும் என்ன? உடோன் கடையில் அவர் சொன்ன ஒரு வரிதான் என்னிடம் இருக்கிறது. அதைச் சொன்னபோது அவருக்கு வயிறு நிறைந்திருந்தது.

இத்துடன் ஆப்பிள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அண்ணனால் சாப்பிட முடியாது என்பது பெட்டியைக் கட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வார்டில் கொடுத்துவிடுங்கள்.

நிவா சோய்ச்சி

*

ஒசாகா
பிப்ரவரி 19

வாத்தியாரய்யாவுக்கு,

ஆப்பிள் வந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல நிஷியோன்னு ஒரு தாத்தா, சாஸ் ஊத்தித் தர்ற தகோயாகிப் பலகாரக் கடை வெச்சிருந்தவர், தினம் ரெண்டு திங்கறார். வடக்கத்தி ஆப்பிள் பரவால்ல, சாஸ்தான் கொறையுதுன்னு சொல்லச் சொன்னார்.

நீங்க கேட்டது சரி. வெரலை நான் பாத்ததில்ல. கழுத்தைத்தான் பாத்தேன். அப்புறம் தோணுச்சு, கழுத்தைப் பாத்தாத்தானே எனக்குத் தெரியும்? அப்ப கழுத்தையே கொண்டு போயிடலாம்னு.

ஆசான் வீட்டுல ஒரு பழைய தலை கெடந்துச்சு. மூக்கு பேந்தது, முடி இல்லாதது, பழகறதுக்கு வெச்சிருப்பார். பொம்பளைத் தலை. பையில சுத்திக்கிட்டுப் போய், துண்டை எடுத்துட்டு அவர் கையில வெச்சேன். நிஷியோ தாத்தா, "அந்தம்மாவுக்கு முடி எங்கப்பா, அவங்களுக்கும் உடம்பு சரியில்லையா?"ன்னார். நர்சு ஹமாதாம்மா வந்து மொதல்ல ஒரு கத்து கத்தினாங்க. அப்புறம் சும்மா நின்னுட்டாங்க.

ஏன்னா தலை நிமிந்துச்சுங்க. நான் தொடல. அவர் கை போர்வை மேலதான் கெடந்துச்சு, ஆனா அந்த மொட்டைக் கட்டை நிமிந்து, மூச்சு வாங்கி, ஜன்னலைப் பாத்துச்சு. ஹமாதாம்மா அறியாமலேயே அதுக்கு வணக்கம் சொல்லிட்டாங்க.

நான் கேட்டேன். "ஆசானே, வயித்துல குழாய் வைக்கட்டுமா, வேண்டாமா?"

தலை அசைஞ்சுது. ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. அது எனக்குக் குடுக்கற உத்தரவு. இம்மி. இடக்கையை எடுன்னு.

என் ஒடம்பு தானா எழுந்துருச்சுங்க. கையைத் தூக்கிட்டேன். தூக்கின கையில பொம்மைக் கையும் இல்ல, துணியும் இல்ல. எதை எடுக்கச் சொல்றார், எங்க வைக்கச் சொல்றார்? வார்டு நடுவுல கையைத் தூக்கிக்கிட்டு நின்னேன். "என்னப்பா, பஸ்ஸை நிறுத்தறியா?"ன்னார் நிஷியோ தாத்தா. எனக்குச் சிரிப்பு வரல.

நீங்க முடிவு பண்ணுங்கன்னு நான் ஆசானைக் கேட்டா, ஆசான் நீ எடுடாங்கறார். இடக்கைக்காரன் முதல்ல அசையறதில்ல வாத்தியாரய்யா. எங்க தொழில்ல அப்படி ஒண்ணு கெடையாது.

அப்புறம் இன்னொண்ணு கவனிச்சேன். ரெண்டு நாள் உக்காந்து பாத்துட்டுத்தான் எழுதறேன். கதவு தொறந்தா தலை அங்க திரும்புது. டாக்டர் வந்தா பாக்குது, திரும்பிக்குது. ஹமாதாம்மா வந்தா பாக்குது, திரும்பிக்குது. தண்ணி மாத்தற பொண்ணு வந்தாலும் அப்படித்தான். யாரையோ தேடுதுங்க. யாரைன்னு புரிஞ்சுக்க இடக்கைக்காரன் எதுக்கு, யாருக்கும் தெரியும்.

நீங்க வந்து கேளுங்க. உங்களுக்கு என்ன சொல்றார்னு பாப்போம். ஸ்டேஷனுக்கு நான் வந்து நிக்கறேன். உங்க முழங்காலுக்குப் பதிலா என் முதுகு இருக்கு, தூக்கிக்கிட்டுப் போறேன்.

கோமாஜி

*

ஹிரோசாகி
பிப்ரவரி 23

அன்புள்ள கோமாஜி அவர்களுக்கு,

ரயில் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அகிதாவில் மாற வேண்டும், அல்லது மொரியோகாவுக்குப் பேருந்தில் போய்த் தோக்கியோ வழியாக வர வேண்டும். இரண்டு வழிகளையும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் குறை இருக்கிறது. நேற்று இரவு மறுபடி பனி. கூரையிலிருந்து இறக்க ஆள் சொல்லியிருக்கிறேன், அவர் வரும் நாளில் நான் இங்கே இல்லாவிட்டால் சிரமம்.

தலை கதவைப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சத்தம் வரும் பக்கம் எந்த உயிரும் திரும்பும் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். நான் வரவேண்டுமா என்று அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? வர வேண்டும் என்று அவர் காட்டினால் வந்துவிடுகிறேன். கேட்காமல் வந்து நின்றால், முடிவு நெருங்கிவிட்டது என்று அவர் அஞ்சக்கூடும். அந்தத் தீங்கை நான் செய்ய விரும்பவில்லை.

குழாயைப் பற்றி: மருத்துவர் எது சரி என்று நினைக்கிறாரோ அப்படியே செய்யலாம் என்று எழுதினேன். அவர், குடும்பத்தின் விருப்பமே தம் விருப்பம் என்று பதில் அனுப்பிவிட்டார்.

நிவா சோய்ச்சி

*

ஒசாகா
மார்ச் 1

வாத்தியாரய்யாவுக்கு,

தந்தி நேத்தே வந்திருக்கும். விவரம் எழுதறேன்.

உங்க லெட்டர் 26ஆம் தேதி காலையில வந்துச்சு. முந்தின நாள் ராத்திரியே அவருக்குக் காய்ச்சல். சளி நெஞ்சுக்குப் போயிடுச்சுன்னாங்க. நான் போறப்போ கை சூடா, தொவண்டு கெடந்துச்சு. தலையை வெச்சேன், நழுவிடுச்சு. இன்னொரு தரம் வெச்சேன், இன்னொரு தரம் நழுவிடுச்சு. அதனால அவர் கையைச் சுத்தி என் கையை வெச்சுப் பிடிச்சேன். இத்தனை வருஷத்துல தலைக்கட்டையை நான் அவரோட சேந்து பிடிச்சதில்ல. அது அவர் எடம்.

நீங்க கேக்கச் சொன்னதைக் கேட்டேன். "ஆசானே, உங்க தம்பி வரட்டுமா?"

தலை ஆடுச்சு.

நான் பொய் சொல்ல மாட்டேன். ஆட்டினது அவரா நானான்னு எனக்குத் தெரியல. என் கை மேல, அவர் கை உள்ள. நான் வேணும்னு ஆட்டல. ஆனா ஆடணும்னு நெனைச்சேன். நெனைச்சா போதுங்க, கட்டைக்கு அது போதும். இதை வெச்சு உங்களை வரச் சொல்லி எழுதலாமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். எழுதினா, நான் ஆட்டினதை அவர் ஆட்டினதா சொன்ன மாதிரி ஆகுமோன்னு. விடியறப்போ, தொலையட்டும், எழுதிடலாம்னு தபால்தலை கூட ஒட்டிட்டேன்.

அதைப் போடறதுக்குள்ள, 27 மத்தியானம் போயிட்டார். டாக்டர் யாரையும் எதையும் கேக்கல. உங்க பேப்பருக்கு வேலை வரல.

நிஷியோ தாத்தா திரையை இழுக்கச் சொல்லிட்டு, அன்னிக்கு ஆப்பிளைத் தொடல. அவர் அப்படி இருந்து நான் பாத்ததில்ல.

நாலாம் தேதி தகனம். காத்திருக்கேன்.

கோமாஜி

*

ஹிரோசாகி
மார்ச் 20

அன்புள்ள கோமாஜி அவர்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நிலையத்தில் நீங்கள் என்னை உண்மையாகவே முதுகில் ஏற்ற முயன்றதற்கு நான் கோபித்துக்கொண்டதாக நினைத்திருந்தால் மன்னிக்கவும். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூச்சம்.

தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுத்ததை மறக்க முடியவில்லை. ஒரே எலும்பை இருவர் குச்சிகளால் சேர்ந்து எடுக்க வேண்டும். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீங்கள் நான் தொடங்கட்டும் என்று காத்திருந்தீர்கள். நான் நீங்கள் தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். இருவர் குச்சியும் சாம்பலுக்கு மேலே அப்படியே நின்றன. கடைசியில் அங்கே வேலை செய்கிற மனிதர், "ஐயா, யாராவது ஒருத்தர் எடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றார். பிறகு யார் முதலில் எடுத்தோம் என்பது எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருந்தாலும் எழுத வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் அந்த வரியை மாற்றச் சொல்லி அமெரிக்காவுக்கு எழுதினேன். 'சம்மதிக்கிறாள்' என்பதை எடுத்துவிட்டு, 'அவள் தலை அசைகிறது. அவள் தொடர்ந்து தைக்கிறாள்' என்று மட்டும் இருக்கட்டும் என்றேன். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காதே என்று பதிப்பாசிரியர் பதில் எழுதியிருக்கிறார். விளங்காதுதான்.

மருத்துவமனையிலிருந்து என் தாள் திரும்பி வந்தது. மறுபடி படித்துப் பார்க்கவில்லை. அதோடு, பிப்ரவரி நான்காம் தேதி உங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துச் சரிபார்த்தேன். எண்ணிட்டு எழுதுவதில் உள்ள ஒரே வசதி, பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்பதுதான்.

முதலாவது அப்படியே நிற்கிறது. இரண்டாவது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. நான்காவதை நீங்கள் திருத்திவிட்டீர்கள். ஆனால் அதை நான் கேள்வியாகத்தான் வைத்திருந்தேன், ஆகவே அதைத் தவறு என்று கணக்கில் வைக்க வேண்டாம்.

மார்ச் மூன்றாம் தேதி காலை கிளம்பினேன். பனி பெய்துகொண்டிருந்தது. ரயில் வந்தது. அகிதாவில் மாறினேன், அங்கே ஒரு பெண் என் பையைத் தூக்கித் தந்தார். வழியில் இருமுறை மருந்து எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலித்தது, வழக்கத்தைவிட அதிகமில்லை. இருட்டுவதற்குச் சற்றுப் பிறகு ஒசாகாவில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கூரைப் பனியை இறக்க வந்தவர் நான் இல்லாமலே இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

ஆகவே பனி உண்மை, முழங்கால் உண்மை, மருத்துவர் சொன்னதும் உண்மை. நான் வர இயலாது என்று எழுதியிருந்த மூன்றாவது, தவறு.

நிவா சோய்ச்சி